கணக்கில் வராத நீர்

இரண்டு மாநிலங்கள் ஆற்று நீருக்காக மோதிக்கொண்டால் நாடே அதைப் பற்றிப் பேசுகிறது. சட்டசபைகளில் தீர்மானம் நிறைவேறும், பந்த் நடக்கும், சுப்ரீம் கோர்ட்டில் மூத்த வக்கீல்கள் நாள் கணக்கில் வாதாடுவார்கள். டிஎம்சி என்றால் என்ன என்று டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்குக்கூடத் தெரியும். அதே மாநிலங்களில் பூமிக்கடியில் உள்ள நீர் வற்றும்போது எந்தச் சத்தமும் கேட்பதில்லை, மோட்டார் ஓடும் சத்தத்தைத் தவிர.

பஞ்சாபையும் ஹரியானாவையும் எடுத்துக்கொள்ளலாம். 1966ல் பஞ்சாபிலிருந்து ஹரியானா பிரிந்தது. 1976ல் மத்திய அரசு ஹரியானாவுக்கு 3.5 மில்லியன் ஏக்கர் அடி நீரை ஒதுக்கி உத்தரவிட்டது. அதைக் கொண்டுபோக சட்லெஜ் - யமுனை இணைப்புக் கால்வாய் திட்டமிடப்பட்டது. நீளம் 214 கிலோமீட்டர். பஞ்சாபுக்குள் 122, ஹரியானாவுக்குள் 92. 1982 ஏப்ரலில் பஞ்சாபின் கபூரி கிராமத்தில் இந்திரா காந்தி பணியைத் தொடங்கிவைத்தார். எதிர்ப்புப் போராட்டமும் தொடங்கியது. தொழிலாளர்களும் பொறியாளர்களும் தீவிரவாதிகளால் கொல்லப்பட்டதை அடுத்து 1990ல் வேலை நின்றது. 2004ல் பஞ்சாப் தன் பழைய ஒப்பந்தங்களையெல்லாம் ரத்து செய்து சட்டம் இயற்றியது. அது செல்லாது என்று 2016ல் சுப்ரீம் கோர்ட் கருத்துத் தெரிவித்தது. உடனே கால்வாய்க்காக எடுத்த நிலத்தை உரிமையாளர்களுக்கே திருப்பித் தர பஞ்சாப் முடிவெடுத்தது. ஹரியானா தன் பங்கு கால்வாயைக் கட்டி முடித்துவிட்டுக் காத்திருக்கிறது. தீர்வு இன்னும் வரவில்லை.

அரை நூற்றாண்டாக நடக்கும் இந்தச் சண்டையில் சம்பந்தப்பட்ட நீர் எவ்வளவு? ஹரியானாவுக்கு ஒதுக்கிய முழுப் பங்கையும் சேர்த்தாலே ஏறத்தாழ 150 டிஎம்சி. இனி பஞ்சாபின் நிலத்தடிக் கணக்கைப் பார்க்கலாம். மத்திய நிலத்தடி நீர் வாரியத்தின் 2023ஆம் ஆண்டு மதிப்பீட்டின்படி அந்த மாநிலத்தில் ஓர் ஆண்டில் பாதகமில்லாமல் எடுக்கக்கூடிய நிலத்தடி நீர் ஏறத்தாழ 600 டிஎம்சி. எடுப்பதோ 980 டிஎம்சி. அதாவது மழையும் கால்வாயும் ஊற்றித் தருவதற்கு மேல் 380 டிஎம்சி ஒவ்வோர் ஆண்டும் பழைய சேமிப்பிலிருந்து போகிறது. சண்டைக்குக் காரணமான நீரைப் போல இரண்டரை மடங்கு. காவிரியில் தமிழ்நாட்டுக்கு 2018 தீர்ப்பு உறுதி செய்த 177.25 டிஎம்சியைப் போல இரு மடங்குக்கு மேல். இதற்காக எந்தக் கட்சியும் பந்த் நடத்தியதில்லை.

ஹரியானாவும் ராஜஸ்தானும் இதே பாதையில்தான் இருக்கின்றன. இரண்டும் ஊறுவதைவிட அதிகமாக இறைக்கும் மாநிலங்கள். 2002 ஆகஸ்டிலிருந்து 2008 அக்டோபர் வரை பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், டெல்லி ஆகிய பகுதிகளின் அடியிலிருந்து 109 கன கிலோமீட்டர் நீர் காணாமல் போனதை அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவின் 'கிரேஸ்' செயற்கைக்கோள்கள் புவியீர்ப்பு மாற்றத்தை வைத்துக் கண்டுபிடித்தன. அந்த ஆய்வு 2009ல் வெளியானது. அந்த நீரைக்கொண்டு மேட்டூர் அணையை நாற்பது முறைக்கு மேல் நிரப்பலாம்.

இந்த நிலை எப்படி வந்தது? 1960-61ல் பஞ்சாபில் நெல் விளைந்த நிலம் 2.27 லட்சம் ஹெக்டேர். இப்போது 30 லட்சம் ஹெக்டேருக்கு மேல். இத்தனைக்கும் பஞ்சாபி வீட்டில் அன்றாடச் சாப்பாடு கோதுமை ரொட்டிதான். அறுபதுகளில் நாடு கப்பல் கோதுமையை நம்பியிருந்தபோது, விளைத்துத் தாருங்கள் என்று டெல்லி கேட்டது. புதிய விதையும் உரமும் வந்தன. கோதுமையையும் நெல்லையும் அறிவித்த விலைக்கு அரசே வாங்கிக்கொள்ளும் என்ற உறுதி கிடைத்தது. மற்ற எந்தப் பயிருக்கும் அப்படியொரு உறுதி இல்லை. விவசாயி கணக்குப் போடத் தெரியாதவர் அல்ல. நெல்லுக்கு மாறினார். அந்த அரிசி பஞ்சாபைத் தாண்டி நாடெங்கும் ரேஷன் கடைகளுக்குப் போகிறது. ஒரு மூட்டை அரிசியோடு பஞ்சாபின் பாதாள நீரும் ரயிலேறுகிறது என்று சொன்னால் மிகையில்லை. ஒரு கிலோ அரிசிக்கு மேற்கு வங்கத்தில் ஆகும் நீரைப் போலச் சுமார் இரு மடங்கு பஞ்சாபில் ஆகிறது என்பது மத்திய அரசின் விவசாயச் செலவு, விலை ஆணையமே போட்ட கணக்கு.

அடுத்தது மின்சாரம். 1997ல் பஞ்சாபில் விவசாய மின்சாரம் இலவசமாயிற்று. 2002ல் வந்த அரசு அதை நிறுத்தியது. 2005ல் அதே அரசே திரும்பவும் கொடுத்தது. அதன்பின் எந்தக் கட்சியும் அதைத் தொடத் துணியவில்லை. இன்று அங்கே விவசாய மின்மோட்டார்கள் 14 லட்சம் அளவில் இருக்கின்றன. மின்சாரம் எப்போது வரும் என்று தெரியாததால் பலர் ஆட்டோ ஸ்டார்ட்டர் பொருத்தியிருக்கிறார்கள். நள்ளிரவில் மின்சாரம் வந்தாலும் மோட்டார் தானே ஓடும். வயலுக்கு வேண்டுமா, வேண்டாமா என்று பார்க்க ஆள் இருக்காது. மீட்டர் இல்லாத இடத்தில் எவ்வளவு நீர் இறைத்தார்கள் என்பதும் தெரியாது, எவ்வளவு மின்சாரம் செலவானது என்பதும் துல்லியமாகத் தெரியாது.

இலவசம் எல்லோருக்கும் சமம் என்று தோன்றும். ஆனால் நீர்மட்டம் இறங்க இறங்க அந்தச் சமத்துவம் காணாமல் போகிறது. தரையில் உட்கார்ந்து உறிஞ்சும் சாதாரண பம்ப், 25, 30 அடிக்குக் கீழே போன நீரை இழுக்காது. முதலில் குழி வெட்டி பம்பை அதற்குள் இறக்கினார்கள். பிறகு அதுவும் எட்டாமல் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். அதற்கு ஆழமான போர், அதிகக் குதிரைசக்தி, கூடுதல் முதலீடு எல்லாம் தேவை. இருபது ஏக்கர்காரர் இதைச் சமாளித்துக்கொள்வார். இரண்டு ஏக்கர்காரர் கடன் வாங்குகிறார், அல்லது பக்கத்து வயல்காரரிடம் நீருக்குக் காசு கொடுக்கிறார், அல்லது நிலத்தைக் குத்தகைக்கு விட்டுவிட்டுக் கூலி வேலைக்குப் போகிறார். மின்சாரம் இலவசம், அந்த மின்சாரத்தால் எட்டக்கூடிய ஆழம் மட்டும் இலவசமில்லை.

சட்டம் என்ன செய்கிறது? 1882ஆம் ஆண்டு வசதியுரிமைச் சட்டத்தின்படி ஒருவர் தன் நிலத்துக்கு அடியில் உள்ள நீரைத் தன் எல்லைக்குள் எவ்வளவு வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம். மண்வெட்டியும் ஏற்றமும் கவலையும் இருந்த காலத்துச் சட்டம் அது. ஒரு மாடு ஒரு நாளில் இறைக்கும் நீருக்கு ஓர் எல்லை உண்டு என்பதால் சட்டம் எல்லை வகுக்காமல் விட்டதில் தவறில்லை. இன்று ஒரு நிலத்தில் ஓடும் மோட்டார் அடுத்த நிலத்துக் கிணற்றைக் காய வைக்கிறது. கேரளாவின் பிளாச்சிமடாவில் குளிர்பான ஆலை ஒன்றுக்கும் பெருமாட்டி பஞ்சாயத்துக்கும் நடந்த வழக்கில், நிலத்தடி நீர் மக்களின் பொதுச் சொத்து, அரசு அதன் காவலன் மட்டுமே என்று 2003ல் கேரள ஐகோர்ட்டின் தனி நீதிபதி சொன்னார். நிலச் சொந்தக்காரருக்கு நீர் எடுக்கும் உரிமை உண்டு என்று 2005ல் அதே கோர்ட்டின் இரு நீதிபதிகள் சொன்னார்கள். ஆலை மூடப்பட்டது. யாருடைய நீர் என்ற கேள்வி மட்டும் முடிவாகாமல் நின்றுவிட்டது.

மாநிலங்கள் தனிச் சட்டம் இயற்றட்டும் என்று மத்திய அரசு 1970லேயே மாதிரி மசோதா ஒன்றை அனுப்பியது. அரசியல் சட்டப்படி நீர் மாநிலப் பட்டியலில் இருப்பதால் அதற்கு மேல் வற்புறுத்த முடியாது. திருத்திய மசோதாக்கள் அடுத்தடுத்து வந்தன. தமிழ்நாடு 2003ல் ஒரு சட்டம் இயற்றி, அதைச் செயல்படுத்தாமலே வைத்திருந்து, 2013ல் ரத்து செய்தது. சுப்ரீம் கோர்ட் 1996ல் தலையிட்டதால் மத்திய நிலத்தடி நீர் ஆணையம் 1997ல் பிறந்தது. அது ஆலைகளுக்கு அனுமதிச் சீட்டு கொடுக்கிறது. பஞ்சாபும் 2020ல் தனி ஆணையம் அமைத்து 2023 முதல் ஆலைகளிடம் நீர்க் கட்டணம் வசூலிக்கிறது. விவசாயத்துக்கு விலக்கு. நாட்டில் எடுக்கும் நிலத்தடி நீரில் 87 சதவீதம் பாசனத்துக்குப் போகிறது. ஆக, ஒழுங்குமுறை எல்லாம் மிச்சமுள்ள 13 சதவீதத்தில்தான் நடக்கிறது. இது தும்பை விட்டு வாலைப் பிடிக்கும் வேலை.

நேரடியாகத் தொட முடியாததை பஞ்சாப் சுற்றுவழியில் தொட்டுப் பார்த்தது. கடும் கோடையில் மே மாதமே நடவு செய்தால் பாய்ச்சும் நீரெல்லாம் ஆவியாகிவிடும். எனவே மே 10க்கு முன் நாற்று விடக்கூடாது, ஜூன் 10க்கு முன் நடக்கூடாது என்று 2009ல் சட்டம் வந்தது. மீறினால் ஹெக்டேருக்கு மாதம் 10,000 ரூபாய் அபராதம். ஹரியானாவும் அதே ஆண்டு இப்படியொரு சட்டம் கொண்டுவந்தது. நாட்டிலேயே விவசாயிகள் பெருமளவில் கீழ்ப்படிந்த நிலத்தடி நீர்ச் சட்டம் இதுதான் என்றுகூடச் சொல்லலாம். பஞ்சாபில் நடவுத் தேதி பிறகு ஜூன் 15, ஜூன் 20 என்று தள்ளிப்போனது.

ஆனால் நடவு தள்ளினால் அறுவடையும் தள்ளும். நெல் அறுத்து கோதுமை விதைக்க நடுவே இரண்டு, மூன்று வாரம்தான் மிச்சம். வயலில் நிற்கும் தாளை அப்புறப்படுத்த நேரமில்லை, தீ வைத்தார்கள். அக்டோபர் கடைசியிலும் நவம்பரிலும் காற்று ஓய்ந்து, பனி இறங்கும் நேரம் அது. புகை டெல்லியின் தலைமேல் போய் நின்றது. பஞ்சாபின் கிணற்றைக் காக்கப் போட்ட சட்டம் டெல்லிக் குழந்தைகளின் நுரையீரல் வரை போய் முட்டும் என்று யாரும் நினைக்கவில்லை. டெல்லியின் நச்சுக் காற்றுக்கு வாகனமும் தொழிற்சாலையும் குப்பையும் கூடத்தான் காரணம். இருந்தாலும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்தப்பட்டவர் விவசாயிதான். அறுவடையில் ஈரப்பதம் கூடுகிறது என்ற புகார்களுக்கு இடையே 2025ல் நடவுத் தேதி ஜூன் 1க்கே முன்னால் வந்துவிட்டது. நீரைக் காக்கும் ஒரே ஏற்பாடும் இப்படித் தளர்கிறது. 160 நாள் பயிரான பூசா 44 ரகத்தை நிறுத்திவிட்டுக் குறுகிய கால ரகங்களுக்கு மாறச் சொல்வது ஓரளவு கைகொடுக்கலாம். சேற்றுழவும் நடவும் இல்லாத நேரடி விதைப்புக்கு ஏக்கருக்கு 1,500 ரூபாய் ஊக்கத்தொகையை 2022ல் பஞ்சாப் அறிவித்தது. இவையெல்லாம் நெல்லுக்குள்ளேயே செய்யும் சிக்கனம். நெல்லின் பரப்பு குறையவில்லை.

பொருளாதார நிபுணர்கள் சொல்லும் வழி எளிமையானது: மின்சாரத்துக்கு விலை வையுங்கள், மீட்டர் மாட்டுங்கள், மானியத்தைப் பணமாகக் கையில் கொடுங்கள். 2018ல் பஞ்சாப் சில மின்தடங்களில் இதன் இளகிய வடிவம் ஒன்றைச் சோதித்துப் பார்த்தது. ஒதுக்கிய அளவைவிடக் குறைவாகச் செலவழித்தால் மிச்சமாகும் யூனிட்டுக்கு 4 ரூபாய் என்ற 'தண்ணீரைச் சேமி, பணம் சம்பாதி' திட்டம் அது. ஆனால் மீட்டர் என்றாலே விவசாயி சந்தேகப்படுகிறார். இன்று மீட்டர், நாளை பில், மறுநாள் இணைப்புத் துண்டிப்பு என்று அவர் நினைப்பதில் நியாயம் இல்லாமலில்லை.

குஜராத் வேறு வழியில் போனது. 2003ல் தொடங்கிய ஜோதிகிராம் திட்டத்தில் வீடுகளுக்கான மின்தடத்தையும் வயல்களுக்கான மின்தடத்தையும் தனித்தனியாகப் பிரித்தார்கள். வீட்டுக்கு நாள் முழுவதும் மின்சாரம். வயலுக்கு எட்டு மணி நேரம் மட்டும், ஆனால் சொன்ன நேரத்தில், சரியான அழுத்தத்தில். விலையைக் கூட்டாமல் நேரத்தைச் சுருக்கியதால் இறைப்புக்கு ஒரு மேல் எல்லை வந்தது. இதிலும் அடிபட்டவர்கள் உண்டு. சொந்தக் கிணறு இல்லாமல் நீர் வாங்கிப் பயிர் செய்த குத்தகைதாரர்களுக்கு விற்பனைக்கு வந்த நீர் குறைந்துபோனது. நீரைச் சேமிக்கும் ஒவ்வோர் ஏற்பாட்டிலும் நஷ்டப்படுபவர் யார் என்று முதலில் கேட்க வேண்டும் என்பதற்கு இது ஒரு பாடம்.

ஊர் கூடி நிர்வகிக்கலாம் என்பவர்கள் மகாராஷ்டிராவின் ஹிவ்ரே பஜாரைக் காட்டுகிறார்கள். சர்பஞ்ச் போபட்ராவ் பவாரின் தலைமையில் அந்தக் கிராமம் பாசனத்துக்கு ஆழ்குழாய் போடுவதில்லை என்று தீர்மானித்தது. பெய்த மழையை அளந்து, அதற்கேற்றபடி எந்தப் பயிர், எவ்வளவு என்று கிராம சபையில் முடிவு செய்கிறார்கள். ஆந்திராவில் இந்த நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஏழு வறட்சி மாவட்டங்களின் விவசாயிகள் தாங்களே மழைமானியும் கிணற்று மட்டமும் பார்த்துக் கணக்கு எழுதினார்கள். யாரும் தடை விதிக்கவில்லை. கணக்கைப் பார்த்தபின் பலர் தாமாகவே நெல்லைக் குறைத்தார்கள்.

இது பஞ்சாபில் நடக்குமா? தக்காணத்தில் அடியில் இருப்பது பாறை. ஒரு கிராமம் சேமித்த நீர் பெரும்பாலும் அந்தக் கிராமத்துக்கே மிஞ்சும். பலன் ஓரிரு ஆண்டுகளில் கண்ணுக்குத் தெரியும். பஞ்சாபில் அடியில் இருப்பது ஆறுகள் கொண்டுவந்து குவித்த வண்டல், மணல். நூற்றுக்கணக்கான அடி ஆழத்துக்கு, எல்லை தெரியாமல் பரந்த ஒரே தொட்டி. இந்த ஊர் விட்டுவைத்ததை அந்த ஊர் எடுத்துக்கொள்ளும். அங்கே ஒரு கிராமத்தின் தியாகம் போதாது; மாநிலம் முழுவதும், அண்டை மாநிலமும் சேர்ந்து இறங்க வேண்டும். 2019 டிசம்பரில் மத்திய அரசு தொடங்கிய 6,000 கோடி ரூபாய் அடல் பூஜல் திட்டம் ஏழு மாநிலங்களில் கிராம நீர்க் கணக்கை ஊக்குவித்தது. ஹரியானா, ராஜஸ்தான், குஜராத் எல்லாம் அதில் இருந்தன. நாட்டிலேயே அதிக விகிதத்தில் நீர் இறைக்கும் பஞ்சாப் அந்தப் பட்டியலில் இல்லை.

பஞ்சாபி விவசாயியிடம் கேட்டால் ஒரே பதில்தான் வரும்: மக்காச்சோளத்தையும் பயறையும் பருத்தியையும் நெல்லைப் போல அரசு வாங்கட்டும், அடுத்த பருவமே மாறிவிடுகிறோம். இந்தப் பதில் புதிதல்ல. நெல், கோதுமையிலிருந்து 20 சதவீத நிலத்தையாவது வேறு பயிருக்கு மாற்ற வேண்டும் என்று பொருளாதார அறிஞர் எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு 1986லேயே சொன்னது. மற்றப் பயிர்களுக்கும் குறைந்தபட்ச ஆதரவு விலை ஆண்டுதோறும் அறிவிக்கப்படுகிறது. மண்டியில் அந்த விலைக்கு வாங்க ஆள்தான் இருப்பதில்லை. இந்த இடத்தில் பந்து டெல்லியின் மைதானத்துக்கு வந்துவிடுகிறது. நீர் மாநிலப் பொறுப்பு என்று சொல்லும் மத்திய அரசுதான் எந்தப் பயிருக்கு நீர் போக வேண்டும் என்பதைக் கொள்முதல் மூலம் தீர்மானிக்கிறது. கிணற்றின் குழாய் விவசாயியின் கையில் இருக்கலாம்; அதன் திருகு உணவுக் கழகத்தின் கிடங்கில் இருக்கிறது.

ஆற்று நீரையும் நிலத்தடி நீரையும் தனித்தனியாகப் பார்ப்பதே இந்தக் குழப்பத்தின் வேர். டெல்லியில் ஆற்றுக்கும் அணைக்கும் ஒரு அமைப்பு, நிலத்தடிக்கு வேறொரு அமைப்பு. இரண்டையும் சேர்த்து ஒரே தேசிய நீர் ஆணையம் அமைக்க வேண்டும் என்று மிஹிர் ஷா குழு 2016ல் பரிந்துரைத்தது, நடக்கவில்லை. ஆனால் கோர்ட் அந்தத் திசையில் ஓரடி எடுத்துவைத்திருக்கிறது. நடுவர் மன்றம் தமிழ்நாட்டுக்குக் கர்நாடகம் விட வேண்டும் என்று சொன்ன 192 டிஎம்சியில் 14.75ஐ 2018 காவிரித் தீர்ப்பு குறைத்தபோது, அதில் 10 டிஎம்சிக்குக் காட்டிய காரணம் தமிழ்நாட்டுப் படுகையின் அடியில் உள்ள நிலத்தடி நீர். தமிழ்நாட்டுக்கு அது கசப்பான தீர்ப்பாக இருக்கலாம். ஆனால் பூமிக்கடியில் இருப்பதும் கணக்கில் சேரும் என்பது அதன் பொருள். அந்த அளவுகோலை வடக்கிலும் வைத்தால் பஞ்சாப், ஹரியானா இரண்டுமே சங்கடப்படும். எங்கள் நிலத்தடி நீர் வற்றிவிட்டது, ஆகவே ஆற்றில் தர நீரில்லை என்று பஞ்சாப் வாதாடுகிறது. வற்றியது எப்படி என்ற கேள்வியைத் தவிர்த்துவிட்டு அந்த வாதத்தை நடத்த முடியாது. பங்கு கேட்கும் ஹரியானாவும் தன் கிணறுகளின் கணக்கை மேஜைமேல் வைத்துவிட்டுத்தான் கேட்க வேண்டும்.

இதில் அவசரமாகச் செய்ய வேண்டியவை மூன்று. ஆற்று நீர்ப் பங்கீட்டைப் பேசும் ஒவ்வொரு மேஜையிலும் நிலத்தடி நீர்க் கணக்கும் இருக்க வேண்டும். நெல்லைக் கைவிடும் விவசாயிக்கு மாற்றுப் பயிரில் அறிவிப்பு விலை அல்ல, கொள்முதல் விலை கிடைக்க வேண்டும். அதுவும் ஒரு பருவத்துக்கு மட்டுமல்ல, பல ஆண்டுகளுக்கு. இலவச மின்சாரத்தில் கை வைப்பது இந்த இரண்டுக்கும் பிறகுதான். அதுவும் ஐம்பது ஏக்கர்காரரிடம் தொடங்கி. வரிசை மாறினால் முதலில் விழுபவர் இரண்டு ஏக்கர்காரர்.

சட்லெஜ் - யமுனை கால்வாய் என்றாவது ஒரு நாள் கட்டி முடிக்கப்படலாம், முடிக்கப்படாமலும் போகலாம். அதற்குள் இரு கரையிலும் உள்ளவர்கள் அதன் கொள்ளளவைப் போலப் பல மடங்கு நீரைத் தங்கள் பேரப்பிள்ளைகளின் பங்கிலிருந்து எடுத்துவிட்டிருப்பார்கள். ஆற்றில் நீர் குறைந்தால் அடுத்த ஆண்டு மழை வந்து நிரப்பும். பாதாளத்தில் குறைந்ததை நிரப்பப் பல தலைமுறை மழை வேண்டும். அந்தத் தலைமுறைகளுக்காக வாதாட எந்தக் கோர்ட்டிலும் இப்போது வக்கீல் இல்லை.